அத்தை கொடுத்த அமுக்கரா மாத்திரை

ஜெனி,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். கல்யாணப் புடவைக்கு எப்படி மடிப்பு எடுப்பது என்று உன் அம்மா உனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எழுந்து வந்து நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இந்த விஷயத்தை எடுத்தாலே என் குரல் ஏறிவிடுகிறது, நீ தலையைக் குனிந்துகொள்கிறாய், பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். கொஞ்ச நாளில் நீ வல்லம் வடகாலுக்கு ஸ்டீபனின் மனைவியாகப் போய்விடுவாய். அவனுடைய அம்மா லூர்து உன் மாமியார். அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால், நீ செத்துப் பிழைத்த கதையை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணை மூடிப் படுத்திருந்த உனக்கு அதில் பாதிதான் தெரியும்.

அரிப்பில்தான் ஆரம்பித்தது. நிச்சயதார்த்தம் முடிந்து சில வாரங்கள் இருக்கும். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தவள் சீப்பை எடுத்து உள்ளங்கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாய். பிறகு உள்ளங்கால், பிறகு முதுகு. "லைன்ல போடற கிளவுஸ் சேரலப்பா" என்று நீ சொன்னாய், நாங்களும் நம்பினோம். செல்போன் பாகங்களைக் கையில் எடுத்துப் பொருத்துகிற வேலை, நாள் முழுக்க ரப்பர் உறைக்குள் விரல், அரிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தோம். கம்பெனி நர்ஸ் ஒரு அலர்ஜி மாத்திரை கொடுத்தார். அதற்கும் அடங்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாய். கல்யாண நினைப்பில் சாப்பாடு இறங்கவில்லை என்று உன் அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சர்ச்சில் உங்கள் கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறு வாசிக்கிற அந்த அறிவிப்பை, முதல் தடவை வாசித்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்து நின்றோம். வெயில் உன் முகத்தில் நேராக அடித்தது. உன்னை வாழ்த்த வந்த ஒரு பெண்மணி கையைப் பிடித்தவள் அப்படியே உன் கண்ணைப் பார்த்தாள். "இன்னாம்மா, கண்ணு மஞ்சளா கீது?" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்த எங்கள் கண்ணில் அது படவில்லை.

காமாலை என்றால் நம் பக்கத்தில் டாக்டருக்கு முன்னால் போகிற இடம் ஒன்று உண்டு. உன் அம்மா பிடிவாதமாக நின்றாள், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறவரிடம் ஷேர் ஆட்டோவில் அழைத்துப் போனோம். உப்பில்லாத சோறும் மோருமாகக் கிடந்தாய். கொடுத்ததையெல்லாம் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் குடித்தாய். உன் நிறம் நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டே போனது. சிறுநீர் கறுத்த தேநீர் மாதிரி போகிறது என்று அம்மாவிடம் நீ சொன்னதை அவள் என்னிடம் சொன்ன அன்றே டாக்டரிடம் கிளம்பினோம். ஒரகடத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் உட்காரக்கூட இல்லை. "இங்க வெச்சுக்காதீங்க. இப்பவே சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். என் பஸ்ஸை வேறொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் காரில் உன்னை ஏற்றினேன். எத்தனையோ வருடமாக ஓட்டிய சாலை அது. எந்த லாரி எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு கன்டெய்னரும் வேண்டுமென்றே நம் முன்னால் வந்து நிற்பதுபோல இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே அதுதான். "வேற ஏதாச்சும் மருந்து மாத்திரை எடுக்கறீங்களா? நாட்டு மருந்து? சத்து மாத்திரை?" நாங்கள் கீழாநெல்லியைச் சொன்னோம். அது காமாலை வந்த பிறகுதானே என்று எழுதிக்கொண்டார்கள். "அதுக்கு முன்னாடி?" என்றார்கள். நீ "இல்ல" என்றாய். சேர்த்த அன்று வந்த இளம் டாக்டர் கேட்டார், இல்லை என்றாய். ஈரல் சிகிச்சை பார்க்கிற பெரிய டாக்டர் அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அப்போதும் இல்லை என்றாய். நானும் பக்கத்தில் நின்று, "எங்க பொண்ணு தலைவலிக்குக்கூட மாத்திரை போடாது டாக்டர்" என்று அழுத்திச் சொன்னேன். தொற்றா என்று பார்த்தார்கள், இல்லை. பித்தப்பைக் கல்லா என்று ஸ்கேன் எடுத்தார்கள், இல்லை. உடம்பே ஈரலைத் தாக்குகிற நோயா, ஈரலில் செம்பு சேர்கிற நோயா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தார்கள். காரணம் மட்டும் கிடைக்கவில்லை. காமாலை ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் காலையில் டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் தனியாக அழைத்தார். ரத்தம் உறைகிற தன்மை குறைந்துகொண்டு வருகிறது, ஈரல் தன் வேலையை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் என்றார். "இன்னும் இறங்கினா மாற்று ஈரல் பத்தி நாம பேச வேண்டியிருக்கும். வீட்ல யாரு குடுக்க முடியும்னு இப்பவே பாத்து வைக்கலாம்." உன் அம்மா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே, "என்னுத எடுத்துக்கோங்கம்மா. முழுசா வேணாலும் எடுத்துக்கோங்க" என்றாள். வெளியே வந்ததும் அவளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு உன் அறைக்கு வந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "இன்னாப்பா, எப்ப வூட்டுக்கு வுடுவாங்களாம்?" என்றாய். 

அன்று மத்தியானம் ஸ்டீபனும் அவன் அம்மாவும் வந்தார்கள். லூர்து அம்மாவைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். உன்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் உடைந்துபோனதை நான் பார்த்தேன். அது நடிப்பு இல்லை. உன் தலைமாட்டில் நின்று முடியைக் கோதிவிட்டார். "இன்னாம்மா இப்டி ஆயிட்ட" என்று அழுதார். பிறகு கைப்பையைத் திறந்து புதிதாக ஒரு டப்பாவை எடுத்தார். பச்சை மூடி போட்ட வெள்ளை டப்பா.

"பழசு தீந்துருக்கும்னு வாங்கியாந்தேன். இங்கத்தி மருந்தோட இதயும் வுடாம போட்டுக்கோ. அப்பதான் சீக்கிரம் தெம்பு வரும்" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாய்.

"இது இன்னாதும்மா?" என்றேன்.

"அமுக்கரா மாத்திரைண்ணா, அஸ்வகந்தான்னு சொல்றாங்களே அதான். வேர்லேர்ந்து எடுத்த சத்து. நைட் ஷிப்ட் பாத்துப் பாத்து பொண்ணுக்குத் தூக்கமும் இல்ல, ஒடம்பும் வத்திப்போச்சு. நிச்சயத்தப்பவே நான்தான் குடுத்தேன்" என்றார். ஒரு தாய் தான் செய்த நல்ல காரியத்தைச் சொல்கிற குரல் அது.

உன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பையை நான் எடுத்தேன். நீ "அப்பா" என்றாய், அவ்வளவுதான். சீப்பு, சோப்பு, அவற்றுக்கு அடியில் அதே டப்பா. கிட்டத்தட்டக் காலி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். இரண்டு டப்பாவையும் கையில் பிடித்துக்கொண்டு நான் டாக்டர் அறைக்கு ஓடினேன். வழியில் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். முழுக்க முழுக்க இயற்கை, பக்கவிளைவு கிடையாது என்று போட்டிருந்தது. யார் தயாரித்தது என்று பார்த்தால் முகவரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

பழைய டப்பாவை அங்கே கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது நடைவழியில் லூர்து அம்மா எதிரே நின்றார். நான் கத்தினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, சம்பந்தி என்றும் பார்க்கவில்லை. "எங்கள ஒரு வார்த்த கேட்டியாம்மா? பெத்தவங்க நாங்க இல்ல?" என்றேன். அவர், "அப்ப நான் வெஷம் குடுத்தேன்றியாண்ணா? நானே மாசக்கணக்கா போட்டுகினு தான கீறேன்? எனக்கு ஒண்ணியும் ஆவலையே!" என்றார். ஸ்டீபன் நடுவில் வந்து இரண்டு பேர் கையையும் பிடித்தான். அவர் அவன் கையை உதறிவிட்டு, என்னிடமிருந்த புது டப்பாவைப் பிடுங்கினார், மூடியைத் திருகினார், இரண்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். "பாத்துக்கோ. வெஷம்னா நான் இங்கயே வுழணும்" என்றார். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஸ்டீபன் "அம்மா, அம்மா" என்று அழுதான்.

அப்போதுதான் டாக்டர் அம்மா வந்தார். யாரையும் திட்டவில்லை. லூர்து அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பேசினார். அவர் சொன்னதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம்மா. நிறையப் பேருக்கு ஆகறதில்ல. சில பேரோட ஈரல் மட்டும் இதைத் தாங்காது. யாருதுன்னு முன்கூட்டி சொல்ல எங்ககிட்ட வழி இல்ல. அதனாலதான் சொல்றோம், மருந்துன்னு நெனைக்காத எதையும் எங்ககிட்ட சொல்லிடுங்கன்னு." என் அப்பா காலத்தில் அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து குடித்தார்களே என்று நான் கேட்டேன். "கிழங்குப் பொடியைக் கொஞ்சம் பால்ல போடறது ஒண்ணு. அதோட சாரத்தை மட்டும் பிரிச்சு, கெட்டியாக்கி, தெனம் மாத்திரையா முழுங்கறது வேற. பொடின்னாலும் எல்லாருக்கும் ஒத்துக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். இதுதான் காரணம் என்று காட்டுகிற தனிப் பரிசோதனை எதுவும் கிடையாதாம். மற்றதெல்லாம் இல்லை என்று ஆகிவிட்டது, இதை நிறுத்தினால் காமாலை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. லூர்து அம்மாவின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமலே போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் ஜெனி, என் வாழ்க்கையிலேயே நீளமானவை. மாத்திரையை நிறுத்தியும் முதலில் எதுவும் மாறவில்லை. நர்ஸ் ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்க வரும்போதும் உன் அம்மா ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொள்வாள். நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மா உன்னிடம் கேட்டதற்கு, நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்: "அத்த சொல்ல வேணான்னு சொன்னாங்கம்மா. பொண்ணு ஒல்லியா கீதுன்னு கொற சொல்றதா நீங்க நெனச்சுக்குவீங்களாம். அப்பறம் டாக்டர் கேக்கறப்ப, சொன்னா அத்த மேல பழி வந்துரும்னு பயமா இருந்துச்சு. வேர் தான, அது இன்னா பண்ணும்னு நெனச்சேன்." ஒரு நாள் டாக்டர் அம்மா வாசலிலேயே நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ரத்தம் உறைகிற தன்மை திரும்பிவிட்டது. காமாலை மெதுவாகத்தான் இறங்கியது, அரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் நெடுநாள் உன்னை வதைத்தது. ஆனால் நீ எங்களுக்குக் கிடைத்துவிட்டாய்.

நீ தேறியதும் நான் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றேன். உனக்குத் தெரியும். தெரியாதது, அதற்கு முன்பே அவர்கள் பக்கத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது என்பது. பொண்ணுக்கு ஏற்கெனவே ஈரலில் கோளாறு, மறைத்துவிட்டுப் பழியை மாமியார் தலையில் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு ஞாயிறு வாசித்து நின்றுபோன ஓலை, அதுவே ஊருக்குப் போதும். ஸ்டீபன் தனியாக வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே நிறுத்தினேன். "மாமா, எங்கம்மா பேசனது தப்பு. அத நான் அவங்களாண்டயே சொல்லிட்டேன். ஜெனி வேணான்னு சொன்னா போயிடறேன். நீங்க சொல்லாதீங்க, அவ சொல்லட்டும்" என்றான். நீ உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாய். "எனக்கு அவர் வேணும்பா" என்றாய். நான் அனுமதித்தேன், சந்தோஷமாக இல்லை. அந்த வீட்டு அடுப்படியில் நீ நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். முன்பெல்லாம் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் தூங்கி வழிகிற தலைகள்தான் தெரியும். இப்போது என் கண் வேறொன்றைத் தேடுகிறது. ஒருத்தி பையிலிருந்து டப்பாவை எடுத்து அடுத்த சீட்டுக்காரிக்குக் கொடுக்கிறாள். முடி கொட்டாமல் இருக்க, இளைக்க, நைட் ஷிப்ட்டுக்குப் பிறகு தூங்க. ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் நின்றேன். உன் கதையைச் சொன்னேன். சில பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் இறங்கும்போது, "அண்ணா, எனக்கும் கைலாம் அரிக்குது. இன்னா டெஸ்ட் எடுக்கணும்?" என்று கேட்டாள். இதை நீ உன் லைனில் வேலை செய்கிற பெண்களுக்குப் படித்துக் காட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி சொல்வது உனக்குத் தெரியாது. போன வாரம் ஷிப்ட்டுக்கு ஆளை இறக்கிவிட்டு, வண்டிகள் நிற்கிற இடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து லூர்து அம்மா இறங்கினார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நாங்கள் இருவரும் நேராகப் பேசியதில்லை. கல்யாணப் பேச்செல்லாம் ஸ்டீபன் மூலமாகத்தான். வெயிலில் நடந்து வந்து என் முன்னால் நின்றார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, எங்க ஜெபக் கூட்டத்துல ரீட்டான்னு ஒரு பொண்ணு. அதுக்கும் நான்தான் அந்த டப்பா வாங்கிக் குடுத்தேன். நேத்து வந்து கை அரிக்குது அக்கான்னுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு" என்றார்.

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அப்பவே இஸ்துகினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்தான் குடுத்தேன்னு டாக்டராண்ட நானே சொன்னேன். ஈரல் டெஸ்ட்ல கணக்கு லேசா ஏறிகீதாம். இப்பவே நிறுத்தனது நல்லதாப் போச்சுன்னாங்க, அடுத்த வாரம் திரும்பப் பாக்கணுமாம்." பிறகு சொன்னார்: "யார் யாருக்குக் குடுத்தேனோ அவங்க வூட்டுக்கெல்லாம் போய் வாங்கி வந்துட்டேண்ணா. ஒருத்தி தர மாட்டேன்னு சண்ட போட்டா. எனக்கு ஒண்ணியும் ஆவலையேன்றா."

ஆஸ்பத்திரி நடைவழியில் அவரே என்னிடம் சொன்ன வார்த்தை அது. நான் எழுந்து நின்றேன். "நீங்களும் நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன். "நிறுத்திட்டேன். தூக்கந்தான் வர்ல" என்றார். இன்னொரு தேநீர் சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து குடித்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது, "ஜெனிக்கு அந்த மாத்திர இனிமே ஒத்த வாட்டிகூட ஆவாதுன்னு டாக்டர் சொன்னாங்க இல்ல? எங்க வூட்ல அது இருக்காதுண்ணா" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

அதனால் உன் மாமியாரை வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை, பயப்படச் சொல்லியும் எழுதவில்லை. கொடுக்கிற கை அது. இனிமேலும் கொடுக்கும். கருத்தரித்தால் ஒன்று, பிள்ளை பெற்றால் ஒன்று, முட்டி வலித்தால் ஒன்று என்று அன்போடு நீட்டும். டாக்டர் உனக்குச் சொன்னதை மறக்காதே: அமுக்கரா எந்த வடிவத்திலும் உனக்குக் கூடாது, அடுத்த முறை இதைவிடக் கடுமையாக வரலாம். வேறு எந்தச் சத்து மாத்திரையானாலும் கேட்டுவிட்டுத்தான். எந்த டாக்டர் கேட்டாலும் வாயில் போட்டது அத்தனையும் சொல், யார் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல். யார் மேல் பழி வரும் என்று யோசிக்கிற வேலை உனக்கு வேண்டாம். ஒருவர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இதை யாரிடமும் சொல்லாதே என்றால், அதை வாயில் போடாதே.

கடைசியாக ஒன்று. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து, பெரியவர்கள் எது கொடுத்தாலும் தட்டாமல் வாங்கிக்கொள்கிற பெண் என்று உறவுக்காரர்கள் உன்னைச் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுப் பூரித்துப்போவேன். ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு ஒவ்வொன்றும் எனக்குத் திரும்பக் கேட்டது. எனக்கு இனி அந்தப் பெயர் வேண்டாம். கல்யாணம் முடிந்து நீயும் ஸ்டீபனும் முதல் விருந்துக்கு இங்கே வருவீர்கள். உன் அம்மா வழக்கம்போலத் தட்டில் அள்ளி அள்ளி வைப்பாள். நானும் என் பங்குக்கு ஒரு கரண்டி வைப்பேன். உனக்குப் போதும் என்றால் தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்த்து, "வேணாம்" என்று சொல். உன் அம்மாவுக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கரண்டியைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு, அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

உன் அப்பா